கட்டைகளால் ஒரு கூத்து வண்டி

கோடை விடுமுறை வந்துவிட்டால், பிற மாநிலங்களில் குடியேறி வாழும் நம் போன்ற குடும்பங்களுக்கு ஒரு கவலை தோன்றும். ஊருக்குச் செல்லப் பயணச் சீட்டுக் கிடைத்தவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு புறப்பட்டுவிடுகிறார்கள். கிடைக்காதவர்கள், வெயில் தணியும் வரையில் குழந்தைகளை நாற்சுவர்களுக்குள் வைத்துக் காலத்தைக் கழிக்க வேண்டியிருக்கிறது. சென்ற கோடையில் நாம் இரண்டாம் வகையினராக இருந்தோம். அப்பொழுது நம் வீட்டுக் கூடத்தில் உருவான ஒரு சிறு வண்டியைப் பற்றியே இங்கு எழுதுகிறோம். விளையாட்டுப் பொருளுக்கு இத்தனை பக்கங்களா என்று அன்பர்கள் எண்ண வேண்டா. அவ்வண்டி நமக்கும் சில பாடங்களைக் கற்பித்தது.

தச்சர் தந்த கட்டை

ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தும் பிளாஸ்டிக் கட்டைகள் இன்று பல வீடுகளில் உள்ளன. அவற்றுள் புகழ் பெற்ற 'லெகோ' கட்டை, டென்மார்க் நாட்டின் பில்லுண்ட் என்னும் சிற்றூரில் பிறந்தது. ஓலெ கிர்க் கிறிஸ்தியன்சென் என்ற தச்சர், 1932-இல் அங்கே மரப் பொம்மைகள் செய்யத் தொடங்கினார். 'நன்றாக விளையாடு' என்று பொருள்படும் இரண்டு டேனிஷ் சொற்களைச் சுருக்கித் தம் தொழிலுக்குப் பெயர் வைத்தார். 1949-இல் வெளிவந்த அவர்களுடைய முதல் பிளாஸ்டிக் கட்டைகள், ஹிலரி ஃபிஷர் பேஜ் என்ற ஆங்கிலேயர் முன்னரே செய்திருந்த கட்டைகளைத் தழுவியவை. உள்ளே வெறும் கூடாக இருந்தமையால், அவை ஒன்றையொன்று இறுகப் பற்றவில்லை. தச்சரின் மகன் காட்ஃபிரட், கட்டையின் அடிப்புறத்தில் சிறு குழாய்களை அமைத்து அக்குறையைத் தீர்த்தார். அவ்வமைப்புக்கு 1958 ஜனவரி 28-ஆம் நாள் காப்புரிமை கோரப்பட்டது. அவ்வாண்டில் செய்த கட்டை, இன்று வாங்கும் கட்டையோடும் பொருந்தும். பாட்டனார் காலத்துக் கட்டையைப் பேரன் புதுக் கட்டையுடன் சேர்த்துக் கட்டலாம் என்றால், அது சிறிய செய்தியன்று.

எட்டுக் குமிழ் உடைய, ஒரே நிறமான கட்டைகள் ஆறே ஆறு இருந்தால், அவற்றை 91,51,03,765 வகையில் சேர்க்கலாம் என்று கணித வல்லுநர் கணக்கிட்டிருக்கின்றனர். நம் வீட்டிலோ ஒரே ஒரு வகைதான் நடைபெற்றது. பிறந்த நாளுக்கு வந்த கோட்டைப் பெட்டியை, உடன் வந்த படங்களைப் பார்த்துப் பார்த்து இரண்டே மாலைகளில் குழந்தைகள் கட்டி முடித்தனர். நாமோ, "கலைத்துவிடாதீர்கள்" என்று எச்சரித்து, அதனைக் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டோம். விலை கொடுத்து வாங்கிய விளையாட்டை விளையாட முடியாதபடி செய்தவர்கள் நாமே. மே மாதத்தின் மூன்றாம் வாரத்தில்தான் நமக்கு அறிவு வந்தது. அலமாரியைத் திறந்தோம்.

படத்தில் கண்ட வண்டியும் ஏட்டில் கண்ட வண்டியும்

பத்து வயதான மூத்தவள், கோட்டைக்கு முன்னால் கூத்தாடிகள் வந்திறங்கும் வண்டி ஒன்று வேண்டும் என்றாள். சன்னல், புகைபோக்கி, பல வண்ணப் பலகைகள் எல்லாம் கொண்ட, சக்கரங்களின் மேல் அமைந்த ஒரு வீட்டை வரைந்தும் காட்டினாள். கதைப் புத்தகங்களில் நாமும் அத்தகைய படங்களைக் கண்டிருக்கிறோம். ஆயினும், நூல்களைப் புரட்டியபோது வேறு செய்தி கிடைத்தது. வண்ணம் தீட்டிய அவ்வகை வீட்டு வண்டிகள் 19-ஆம் நூற்றாண்டில் வழக்கத்திற்கு வந்தவை. ஐரோப்பாவின் இடைக்காலத்தில் ஊர் ஊராகச் சென்ற பாணர்களும் கழைக்கூத்தர்களும் பெரும்பாலும் கால்நடையாகவே சென்றனர்.

அக்காலத்தில் சக்கரங்களின் மேல் அரங்கு இருந்ததா எனில், இருந்தது. இங்கிலாந்தின் யார்க் நகரத்தில், 'கார்ப்பஸ் கிறிஸ்டி' என்னும் திருநாளன்று, உலகப் படைப்பு முதல் இறுதித் தீர்ப்பு வரையிலான வேதக் கதைகளை ஏறத்தாழ ஐம்பது நாடகங்களாக நடித்தனர். ஒவ்வொரு நாடகத்துக்கும் ஒரு வண்டி உண்டு. அவ்வண்டிகளை நிறுத்தி வைத்த கொட்டகை பற்றிய குறிப்பு 1376-ஆம் ஆண்டிலேயே காணப்படுகிறது. விடியற்காலை நாலரை மணிக்கு நடிகர்கள் ஆயத்தமாக இருக்க வேண்டும் என்பது 1415-இல் நகரத்தார் இட்ட கட்டளை. ஏறத்தாழ 12 இடங்களில் வண்டிகள் வரிசையாக நிற்கும். நின்ற இடத்திலெல்லாம் அதே நாடகம் மீண்டும் நடைபெறும். மக்கள் இருந்த இடத்திலேயே இருக்க, கதை அவர்களைத் தேடி வந்தது. தேரோட்டம் கண்டு வளர்ந்த நமக்கு இதனை விளங்கிக்கொள்வது அரிதன்று.

இவற்றை நடத்தியவர்கள் நகரத்துக் கைவினைஞர் குழுக்கள். நோவா மரக்கலம் கட்டும் கதை கப்பல் கட்டும் தச்சருக்கு உரியது. வெள்ளக் கதை மீனவருக்கும் மாலுமிகளுக்கும் உரியது. இறுதி விருந்து ரொட்டி சுடுவோருக்கு. இயேசுவைச் சிலுவையில் அறையும் காட்சி ஆணி செய்வோருக்கு. தத்தம் தொழிலையே அரங்கில் ஏற்றிக் காட்டினர். சமய மாற்றங்களுக்குப் பின் 1569-இல் இவ்வழக்கம் நின்றது. 1951-ஆம் ஆண்டில் யார்க் நகரத்தார் பழைய மடத்தின் இடிபாடுகளுக்கு முன்னே அந்நாடகங்களுக்குப் புத்துயிர் அளித்தனர்.

1433-ஆம் ஆண்டுப் பட்டியல்

நம் கட்டட வேலைக்கு வழிகாட்டியது ஒரு பழைய பத்திரம். இறுதித் தீர்ப்பு நாடகத்தை நடத்திய வணிகர் குழுவினர், 1433-இல் தம் வண்டியையும் அதன் உறுப்புகளையும் பொறுப்பாளரிடம் ஒப்படைத்தபோது, ஒன்றுவிடாமல் பட்டியல் எழுதி வைத்தனர். அலெக்சாண்ட்ரா ஜான்ஸ்டன், மார்கரெட் டோரல் என்ற இரு பெண் ஆராய்ச்சியாளர்கள் அதனை 1971-இல் வெளியிட்டனர். அதில் கண்டவை வருமாறு: நான்கு சக்கர வண்டி, நரகத்தின் வாய், மூன்று பேய்களுக்கு உடைகள், மூன்றே முகமூடிகளில் ஆறு பேய் முகங்கள், விண்ணகத்தைத் தாங்க நான்கு இரும்புக் கம்பங்கள், இறைவன் அமர்ந்து மேலே செல்வதற்கு, நான்கு மூலைகளிலும் கயிறு கட்டிய ஓர் இரும்பு இருக்கை, விண்ணகத்தில் ஓடித் திரிவதற்குச் சிவப்பு வண்ணம் பூசிய ஒன்பது சிறு தேவதூதர்கள், அவர்களை ஓடச் செய்ய ஒரு நீண்ட மெல்லிய கயிறு.

இதனைப் படித்துக் காட்டியதும், புகைபோக்கியை மறந்து, "அந்த ஒன்பது பேரையும் ஓட வைக்க வேண்டும்" என்று இருவரும் ஒரே குரலில் கூவினர்.

கட்டிய முறை

கட்டையின் குமிழ்களுக்கு இடையேயுள்ள தொலைவு 8 மில்லிமீட்டர். கட்டையின் உயரம் 9.6 மில்லிமீட்டர். தட்டு எனப்படும் மெல்லிய வகை, அதில் மூன்றில் ஒரு பங்கு. ஆள் பொம்மையின் உயரம் ஏறத்தாழ 4 சென்டிமீட்டர். எனவே அரங்கின் அகலத்தை 8 குமிழாகவும் நீளத்தை 14 குமிழாகவும் வைத்துக்கொண்டோம். அடித்தளத்திற்கு இரண்டு அடுக்குத் தட்டுகள். கீழ் அடுக்கின் இணைப்புக்கு மேலேயே மேல் அடுக்கின் இணைப்பும் வந்தால் தளம் நடுவில் மடிந்துவிடும். செங்கல் சுவர் எழுப்பும் கொத்தனார் ஒன்றைத் தள்ளி ஒன்றை வைப்பதன் காரணத்தைக் குழந்தைகள் அன்று கண்ணால் கண்டனர்.

முன் சக்கரங்கள் திரும்புவதற்காக, சுழலும் தட்டு ஒன்றின் கீழ் முன் அச்சைப் பொருத்தினோம். திருப்பும்போது சக்கரம் தளத்தில் உரசியது. அச்சுக்கும் தளத்துக்கும் இடையே ஒரு தட்டைச் செருகியதும் உரசல் நின்றது. ஆனால் வண்டி உயர்ந்துவிட்டது. அதனால் ஒரு தொல்லையும் விளைந்தது. நான்கு மூலைகளிலும் ஆறு கட்டை உயரத்திற்குக் கம்பம் நிறுத்தி, அவற்றின் மேல் கட்டைகளாலேயே விண்ணகம் அமைத்தோம். மேசையின் மூலையில் வண்டியைத் திருப்பினான் இளையவன். விண்ணகம் குப்புற விழுந்தது. மூன்று நாள் உழைப்பு தரையில் சிதறியது.

அவன் அழுதான், மூத்தவள் அவனைக் கடிந்துகொண்டாள். குற்றம் அவனுடையதன்று, மேலே பளுவை ஏற்றிய நம்முடையது என்று விளக்கினோம். மறுநாள் கனமான கட்டைகளைத் தளத்திற்கு அடியில் சேர்த்தோம். சக்கரங்களை இரு புறமும் ஒரு குமிழ் அகற்றினோம். மேற்கூரையைக் கட்டைகளுக்குப் பதிலாகத் துணியால் வேய்ந்தோம். பாட்டி தம் பழைய பட்டுப் புடவையின் கரையிலிருந்து நான்கு விரல் அகலத் துண்டு ஒன்றை வெட்டிக் கொடுத்தார். பிறகு எப்படித் திருப்பினாலும் வண்டி சாயவில்லை.

நரக வாய்க்குச் சரிவான சிவப்புக் கட்டைகளும் ஒரு கீலும் போதுமானவையாக இருந்தன. பேய் முகங்களுக்கு நாம் ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை. இக்காலப் பொம்மைகள் பலவற்றின் தலையில் முன்னும் பின்னும் முகம் வரைந்திருக்கிறார்கள். மூன்று தலைகளில் ஆறு முகங்கள்! யார்க் வணிகர் கணக்கும் நம் கணக்கும் ஒத்துப்போயின.

தேவதூதர்களே நம்மைப் பெரிதும் சோதித்தனர். ஒற்றைக் குமிழ் உடைய சிவப்பு உருளைக் கட்டைகளை இரண்டிரண்டாக எடுத்து, நடுவில் நூலை வைத்து அழுத்தினால் நூல் இறுகிக்கொள்ளும். இவ்வாறு ஒன்பது ஜோடிகளைக் கோத்து, நூலின் இரு முனைகளையும் முடிந்து, நான்கு கம்பங்களையும் சுற்றி வளையமாக விட்டோம். இழுத்தால் முதல் மூலையிலேயே சிக்கியது. கம்பத்தின் சதுர விளிம்பு நூலைப் பிடித்துக்கொள்வதைப் பாட்டிதான் கண்டுபிடித்தார். "உருண்டைத் தூணாக வையுங்கள், கிணற்று ராட்டினம் சதுரமாகவா இருக்கிறது?" என்றார். கம்பங்களை உருளைக் கட்டைகளால் மாற்றினோம். பாட்டி நூலை இழுக்க, ஒன்பது தூதரும் வரிசையாக விண்ணகத்தைச் சுற்றி வந்தனர். இளையவன் கைகொட்டிக் குதித்தான்.

பிரித்த நாள்

இளையவன் படிக்கும் பள்ளியில் தமிழ் இல்லை. வீட்டில் பேசுவான், எழுதச் சொன்னால் ஓடிவிடுவான். ஒரு நாள் சக்கரம் கழன்று விழ, "வீல் போய்விட்டது" என்றான். "அச்சாணி இறுக்கமாக இல்லை" என்றார் பாட்டி. அந்தச் சொல் அவனுக்குப் பிடித்துவிட்டது. ஒரு வாரம் வரையில் வீட்டில் எது கழன்றாலும், குழாய்ப் பிடி உட்பட, அவனுக்கு அச்சாணிதான்.

ஜூன் மாத இறுதியில் நமக்கு மாற்றல் உத்தரவு வந்தது. வேறு மாநிலம், வேறு மொழி, மூன்றாம் முறையாக. சாமான்கள் லாரியில் செல்ல வேண்டும். வண்டியை அப்படியே அனுப்பினால் தூள் தூளாகத்தான் போய்ச் சேரும். பிரித்துப் பெட்டியில் போட வேண்டும் என்றோம். இளையவன் வண்டியைக் கட்டிக்கொண்டு விட மறுத்தான். "இந்த வீட்டையும் விட வேண்டும், பள்ளிக்கூடத்தையும் விட வேண்டும், இதையுமா?" என்று கேட்டான். நமக்கு மறுமொழி தோன்றவில்லை.

அவனுக்கு அந்த 1433-ஆம் ஆண்டுப் பத்திரத்தை மீண்டும் நினைவுபடுத்தினோம். அந்த வண்டி என்றோ அழிந்துவிட்டது. அதைத் தள்ளிய ஆட்களும் இல்லை. எனினும், அன்று சிலர் அமர்ந்து ஒவ்வோர் உறுப்பையும் எழுதி வைத்தமையால் அன்றோ, இன்று நம் கூடத்தில் அது மீண்டும் ஓடியது? அவன் சற்று நேரம் எண்ணிப் பார்த்தான். "அப்படியானால் நான்தான் எழுதுவேன்" என்றான்.

எழுதினான், தமிழிலேயே எழுதினான். மூத்தவள் ஒவ்வொன்றாகக் கழற்றிக் கொடுக்க, பாட்டி எழுத்துக் கூட்டிச் சொல்ல, இரண்டு மணி நேரம் ஆயிற்று. சக்கரம் 4, கம்பம் 4, நரக வாய் 1, பேய்த் தலை 3, பட்டுத் துணி 1, நூல் 1. அச்சாணி என்பதில் மட்டும் பாட்டியைக் கேளாமல் 'அச்சானி' என எழுதியிருந்தான். திருத்த நமக்கு மனம் வரவில்லை. எண்ணிப் பார்க்கும்போது தூதர்களில் ஒருவரைக் காணோம். கட்டிலுக்கு அடியிலும் கதவு மூலைகளிலும் தேடினோம், அகப்படவில்லை. 'தேவதூதர் 8, ஒருவர் பழைய வீட்டில் இருக்கிறார்' என்று எழுதி, தாளை மடித்துப் பெட்டிக்குள் வைத்தான்.

புதிய ஊரில் பாத்திரங்களுக்கு முன்னதாக அந்தப் பெட்டியே திறக்கப்பட்டது. பட்டியலைப் பார்த்து அவனே கட்டினான். அண்டை வீட்டுச் சிறுவர்கள் கூடிவிட்டனர். அவர்கள் மொழி அவனுக்குத் தெரியாது, அவன் மொழி அவர்களுக்குத் தெரியாது. நூலின் முனையை அவர்களுள் ஒருவன் கையில் கொடுத்து இழுக்கச் சொல்லிச் சைகை காட்டினான். எட்டுத் தூதர்களும் ஓடினர்.

அன்பர்கள் இல்லங்களிலும் கண்ணாடி அலமாரிகளில் கோட்டைகளும் கப்பல்களும் பூட்டிக் கிடக்கலாம். விடுமுறை வருவதற்கு முன் ஒரு முறை திறந்துவிடுங்கள். குழந்தைகள் பிரிக்கட்டும், வேறொன்று கட்டட்டும். பிரிக்கும்போது பக்கத்தில் ஒரு தாளும் பென்சிலும் இருக்கட்டும்.