தொலைந்த உழைப்பும் முப்பது நாள் அவகாசமும்

கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்திலும் திருவள்ளூரைச் சுற்றியுள்ள தொழிற்கூடங்களிலும் இயந்திரங்களை இயக்குவதில் கணினி நிரல்களுக்குப் பெரும் பங்குண்டு. ஒரு தவறான கட்டளையால் பல நாள் உழைப்பு திரையிலிருந்து மறைந்தால், நிரலை எழுதிய இளைஞரின் வேலைக்கே ஆபத்து நேரலாம். ஆனால், அந்த உழைப்பு பெரும்பாலும் அழிந்திருப்பதில்லை. பொருளியல் கற்பித்த எனக்கு, இங்கே அவசரத்தின் விலையே பெரிதாகத் தெரிகிறது.

நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்க இன்று உலகெங்கும் பயன்படுவது 'கிட்' என்னும் மென்பொருள். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் இதனை எழுதினார். வணிகரின் பேரேட்டைப் போல, இது பழைய பதிவை அழிக்காமல் புதியதைச் சேர்த்துக்கொண்டே போகும். இதில் 'கிளை' என்பது கடைசிப் பதிவைச் சுட்டும் அடையாளம் மட்டுமே. 'ரீசெட்' கட்டளை அந்த அடையாளத்தைப் பின்னுக்கு நகர்த்துகிறது. 'கமிட்' செய்த பதிவுகளோ வட்டிலேயே இருக்கின்றன.

அடையாளம் எங்கெல்லாம் நின்றது என்பதை 'ரெஃப்லாக்' என்னும் குறிப்பேடு காட்டும். கிளையிலிருந்து விடுபட்ட பதிவுகளுக்கும் அதில் வழக்கமாக 30 நாள் இடமுண்டு. உரிய பதிவின் எண்ணைக் கண்டறிந்து, அதிலிருந்து புதிய கிளையைத் தொடங்கினால் உழைப்பு மீளும். 'ஆட்' மட்டும் செய்த கோப்புகளின் உள்ளடக்கத்தையும் சில நாள்களுக்குள் தேடியெடுக்க வழியுண்டு. இரண்டும் செய்யாதவற்றை மட்டும் கிட்டால் மீட்க இயலாது.

பதற்றத்தில் கோப்புறையையே அழித்துவிட்டு, வழங்கியிலிருந்து புதுப் பிரதி இறக்குவோர் உண்டு. உண்மையான இழப்பு அப்போதுதான் நேர்கிறது. ரெஃப்லாக் அந்தக் கணினியில் மட்டுமே இருக்கும். புதுப் பிரதியுடன் வராது.

பெரிய நிறுவனங்களும் இதற்கு விலக்கல்ல. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தின் தரவுத்தளம் தவறுதலாக அழிக்கப்பட்டது. ஏறத்தாழ ஆறு மணி நேரத் தரவுகள் மீளவில்லை. ஆனால், கிட்டில் பதிந்திருந்த நிரல்கள் தப்பின.

குறிப்பேடு பிழையிலிருந்து காக்கும்; வெள்ளத்திலிருந்து காக்காது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலைக் கண்ட மாவட்டம் இது. எனவே, அன்றாடம் பலமுறை கமிட் செய்வதும், மாலையில் ஒரு பிரதியை வெளியூர் வழங்கிக்கு அனுப்புவதும் பணி விதியாக வேண்டும். இதற்குச் சில நிமிடங்களே செலவு. உழைப்பு மறைந்துவிட்டதாக ஓர் இளைஞர் வந்து சொன்னால், மேலாளர் விளக்கம் கேட்பதற்கு முன் அந்தக் கணினியில் எதையும் அழிக்க வேண்டாம் என்று சொல்லட்டும்.