தடுப்பவருக்கும் ஒரு கோப்பை

பெரிய முதலியார்சாவடி மணலில் மாலையில் பந்தாடும் சிறுவர்களுக்குப் பின்களத்தில் நிற்பதென்றால் கசப்பு. எல்லோருக்கும் மெஸ்ஸியாகத்தான் ஆசை. அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. தடுப்பாட்டக்காரரின் உழைப்பு, விழாமற்போன கோல்களில் அடங்கியிருக்கிறது. விழாத கோலை யார் எண்ணுவார்?

2019 மார்ச் 9 அன்று கோவையில் மினர்வா பஞ்சாபை 3-1 என வென்று சென்னை சிட்டி அணி ஐ-லீக் பட்டம் பெற்றது. தமிழக அணியொன்று அப்பட்டத்தை வென்றது அதுவே முதல்முறை. முதலில் பின்தங்கிய அந்த ஆட்டத்தில் இரு கோல்கள் அடித்தவர் பின்கள வீரர் கௌரவ் போரா. ஈஸ்ட் பெங்காலைவிடச் சென்னை பெற்ற முன்னிலை ஒரே ஒரு புள்ளி.

இரண்டு மாதங்களுக்குள் இங்கிலாந்திலும் ஏறக்குறைய இதே கதை. மே 6 அன்று லெஸ்டருக்கு எதிராக மான்செஸ்டர் சிட்டியின் அணித்தலைவர், பெல்ஜியத்தின் வின்சென்ட் கொம்பனி, தொலைவிலிருந்து அடித்த ஒற்றை கோல் அணியைக் காத்தது. இறுதியில் லிவர்பூலை அது முந்தியதும் ஒரு புள்ளியில்தான். உலகம் நினைவில் வைத்திருப்பது அந்த கோலை. அவரோ 11 ஆண்டுகள், ஓயாத காயங்களுக்கிடையே, அங்கே செய்தது தடுப்பு வேலை. அப்பருவத்தின் 38 ஆட்டங்களில் சிட்டி வாங்கிய கோல்கள் 23 மட்டுமே.

நம் ஊர்ப் போட்டிகளில் அதிக கோல் அடித்தவருக்குத் தனிப்பரிசு தருகிறோம். சிறந்த தடுப்பாட்டக்காரருக்கும் ஒரு கோப்பை வைக்கலாமே, பெருஞ்செலவொன்றும் ஆகிவிடாது.