நீவாடு எழுதும் வம்சம்

கார்ல்ஸ்ரூஹே நகரைத் தொட்டுப் போகும் ரைன் ஆறு கடலைச் சேர இன்னும் 650 கிலோமீட்டருக்கு மேல் ஓட வேண்டும். அந்த ஆற்றில் கிடைக்கும் விலாங்கு அங்கே பிறந்ததல்ல, ஐரோப்பாவிலேயே பிறந்ததல்ல. ஐரோப்பிய விலாங்கு முட்டையிடுவது அட்லாண்டிக்கின் மறுகரைப் பக்கம், சர்கசோ கடலில். டென்மார்க்கின் யோஹானஸ் ஷ்மிட் பல ஆண்டுகள் கடலில் அலைந்து, வலையில் சிக்கும் குஞ்சுகள் எந்தத் திசையில் போகப் போகச் சிறியதாகின்றன என்று அளந்து அளந்தே 1920-களின் தொடக்கத்தில் அந்த இடத்தை ஊகித்தார்.

குஞ்சு வேப்பிலை போலத் தட்டையாக, உள்ளே தெரியும்படி இருக்கும். அதற்குப் பெரிதாக நீந்த வராது. வளைகுடா நீரோட்டமும் அதன் தொடர்ச்சியும்தான் அதை 5000 கிலோமீட்டருக்கு மேல் இழுத்து வருகின்றன. ஐரோப்பியக் கரைக்கு வந்ததும் உருண்டு நீண்டு ‘கண்ணாடி விலாங்கு’ ஆகிறது. பிறகுதான் ஆறு. (ரைனில் இருப்பவற்றில் பல, கடற்கரையில் பிடித்து மனிதர்கள் கொண்டுவந்து விட்டவை என்பதும் உண்மை.)

நார்வே விலாங்கும் இத்தாலி விலாங்கும் மரபணுவில் வேறுபடுமா? 2001-ல் வந்த ஓர் ஆய்வு, சிறிதளவு வேறுபடும் என்றது. சில ஆண்டுகள் கழித்து மறுபடி பார்த்தவர்களுக்கு, வேறுபாடு ஊருக்கு ஊர் இல்லை, ஆண்டுக்கு ஆண்டுதான் என்று தெரிந்தது. எந்த ஆண்டு எந்தத் தாய்களின் குஞ்சுகள் பிழைத்தன என்பதைப் பொறுத்த சில்லறை வித்தியாசம் அது. 2011-ல் சர்கசோவிலேயே பிடித்த குஞ்சுகளையும் ஒப்பிட்டபின், கண்டம் முழுக்க ஒரே குடும்பம் என்ற முடிவு வலுத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2007-ஆம் ஆண்டு விதியும் எந்த நாட்டையும் ‘என் விலாங்கு’ என்று சொல்ல விடுவதில்லை. மனிதத் தலையீடே இல்லாதிருந்தால் எவ்வளவு எடை முதிர்ந்த விலாங்குகள் கடலுக்குத் திரும்பியிருக்குமோ, அதில் 40 விழுக்காடாவது திரும்ப ஒவ்வொரு நாடும் வழி செய்ய வேண்டும்.

அதே சர்கசோவில்தான் அமெரிக்க விலாங்கும் முட்டையிடுகிறது. அதன் குஞ்சு சீக்கிரம் உருமாறி அமெரிக்கக் கரையில் ஒதுங்கிவிடுகிறது. ஐரோப்பியக் குஞ்சு நெடுங்காலம் மிதந்து அக்கரைக்குப் போகிறது. இரண்டும் தனித்தனி இனங்கள். கலப்பினக் குஞ்சுகள் குறிப்பாகத் தென்படுவது, இரு கரைகளுக்கும் நடுவில் கிடக்கும் ஐஸ்லாந்தில்! நீரோட்டம் மட்டும் போதாது, குஞ்சு அதில் எத்தனை நாள் இருக்கிறது என்பதும் சேர்ந்தே வம்சத்தைத் தீர்மானிக்கிறது.

மிதக்கும் நாள் குறைந்தால் கதை தலைகீழ். மிதக்கவே மிதக்காதவையும் உண்டு. கார்ல்ஸ்ரூஹே இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் 2,40,000 லிட்டர் தொட்டியில் உயிருள்ள பவளப்பாறையே வளர்க்கிறார்கள். அதில் சுற்றும் கருந்துடுப்புச் சுறா குட்டி போடுவது. குட்டி முதல் நாளே தானாக நீந்தும். அதற்கு நீரோட்டம் பெரிய பொருட்டல்ல. பாறையோடு ஒட்டி வாழ்பவற்றுக்குத்தான் அது உயிர்நாடி. வளர்ந்தபின் நகராத உயிர், ஊர்விட்டு ஊர் போக முடிவது குஞ்சாக இருக்கும் அந்தச் சில நாளில் மட்டுமே.

பிரேமன் பல்கலைக்கழகத்தினர் 2008-ல் வெளியிட்ட ஆய்வு, பாறையைத் துளைத்து வாழும் ஒருவகை ராட்சதச் சிப்பியைப் பற்றியது. இதன் குஞ்சு மிதப்பது சுமார் பத்து நாள்தான். இந்தியப் பெருங்கடலின் கிழக்கு ஓரம், ஜாவாக் கடல், இந்தோனேசியத் தீவுகளின் நடுப்பகுதி, மேற்குப் பசிபிக் என நான்கு பெரிய கூட்டங்கள் மரபணுவில் பிரிந்து தெரிந்தன. நடுப்பகுதி ஒன்றாக இருப்பதற்கு, பசிபிக்கிலிருந்து இந்தியப் பெருங்கடலுக்குத் தீவுகளின் ஊடே ஓடும் பெரும் நீரோட்டம் ஒரு காரணம். பிரிவுக்குப் பழைய காரணமும் உண்டு: பனியுகத்தில் கடல்மட்டம் 120 மீட்டர் அளவுக்கு இறங்கி, ஜாவாக் கடல் தரையாகக் கிடந்தது. தரை மூழ்கிப் பல்லாயிரம் ஆண்டுகளாகியும் அந்தத் தடம் முழுதாக அழியவில்லை. தலைமுறைக்கு ஒன்றிரண்டு குஞ்சுகள் வந்து கலந்தாலே வேறுபாடு பெருகாமல் நிற்கும் என்பது மரபியலில் பொதுவான கணக்கு. அவ்வளவுகூட வந்து சேராத இடங்களும் கடலில் உண்டு என்பதே வியப்பு.

நம் கரையில் இன்னொரு சிக்கல். தமிழகக் கடற்கரையோர நீவாடு, அதாவது நீரோட்டம், பருவக்காற்றோடு திசை மாறும்: ஆண்டின் முற்பகுதியில் வடக்கே, வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தெற்கே. மாசியில் முட்டையிடும் உயிரின் குஞ்சும் ஐப்பசியில் முட்டையிடுவதன் குஞ்சும் ஒரே பாறையிலிருந்து கிளம்பினாலும் எதிரெதிர் திசையில் போகக்கூடும். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சுற்றி 1986-ல் கடல்சார் தேசியப் பூங்கா அமைந்தது. அங்கே பிடிக்கத் தடை போடுவது நல்லதுதான். ஆனால் தீவைச் சுற்றிக் கோடு போட்டால் மட்டும் போதாது. எந்த மாதம் எது முட்டையிடுகிறது, அப்போது நீவாடு எந்தப் பக்கம் என்பதையும் பார்த்துக் கோடு போட வேண்டும். முதல் கேள்விக்கும் இரண்டாவதற்கும் நம் மீனவர்களிடமே பாதி விடை இருக்கிறது. கேட்டு எழுதிக்கொள்ள வேண்டியது ஆய்வாளர்களின் வேலை.