நூல் நிலையமும் வாடகைச் சரக்கும்

கையில் காசில்லாதவனும் அறிவு பெறுதல் வேண்டும் என்பதற்காக ஏற்பட்டதே பொது நூல் நிலையம். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் அது நூல்களோடு நில்லாது, இசைத்தட்டுகளையும் திரைப்படங்களையும் நெடுங்காலமாகப் பொதுஜனங்களுக்கு இரவல் வழங்கி வந்திருக்கிறது. இன்று தட்டுகளின் காலம் மங்கிவிட்டது. பாட்டும் படமும் இணைய வழியே வீடு தேடி வருகின்றன. நூல் நிலையங்களும் காலத்தை அனுசரித்து நடக்க முற்பட்டன. அம்முயற்சியில் அவை பெற்றது யாது, இழந்தது யாது என்பதை நம்மவர் ஊன்றிக் கவனித்தல் அவசியம்.

2010-ல் ‘ஃப்ரீகல்’ என்னும் சேவை அங்கே தோன்றிற்று. நூல் நிலைய அங்கத்தினர் வாரத்திற்குச் சில பாட்டுகளைப் பதிவிறக்கித் தமதாகவே வைத்துக்கொள்ளலாம். பணம் கொடுப்பது நூல் நிலையம். பாட்டு அங்கத்தினரிடம் தங்கும். நூல் நிலையத்தின் இருப்பில் ஒன்றும் சேராது. 2013-ல் வந்த ‘ஹூப்ளா’ ஒவ்வோர் இரவலுக்கும் தனித்தனியே கட்டணம் பெறுவது. ஜனங்கள் கேட்கக் கேட்கச் செலவு ஏறும். ஆகவே, ஒருவருக்கு மாதம் இத்தனை இரவல்தான் என்று நூல் நிலையங்கள் வரம்பு கட்டுகின்றன. வருவோர் பெருகக் கண்டு மகிழவேண்டிய ஸ்தாபனம், அதே காரணத்தால் அஞ்ச நேர்வது விபரீதமன்றோ?

இவ்விபரீதத்தின் பலனை நியூயார்க் நகரம் கண்டது. அரிய திரைப்படங்களை வழங்கி வந்த ‘கனாபி’ சேவையை, நியூயார்க், புரூக்ளின், குவீன்ஸ் ஆகிய மூன்று பொது நூல் நிலையங்களும் 2019 ஜூலை 1 முதல் நிறுத்திவிட்டன. செலவு தாங்கவில்லை என்பதே காரணம். அதுவரை செலுத்திய பணத்திற்கு ஈடாக ஒரு படமேனும் அவற்றின் வசம் எஞ்சவில்லை.

இதன் வேர் சட்டத்தில் இருக்கிறது. ஒரு முறை விற்ற புத்தகத்தின் மறுவிற்பனையைப் பதிப்பாளர் கட்டுப்படுத்த இயலாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1908-ல் தீர்ப்பளித்தது. அந்த நியாயமே இரவலுக்கும் அரணாயிற்று. பதிவிறக்கமோ விற்பனையாக வருவதில்லை. நிபந்தனைகளுக்குட்பட்ட அனுமதியாக வருகிறது. பதிவிறக்கிய பாட்டை மறுவிற்பனைக்காக மாற்றுவது புதுப்பிரதி எடுத்தலே என்று ‘ரீடிஜி’ வழக்கில் நியூயார்க்கிலுள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் 2018-ல் கூறிவிட்டது. உடைமையாளனாக இருந்த நூல் நிலையம் இவ்வாறு குத்தகைக்காரன் ஆயிற்று.

ஒரு பிரதி நொடியில் ஆயிரமாகிவிடும் என்று கம்பெனியார் அஞ்சுகின்றனர். அவ்வச்சத்தில் உண்மை உண்டு. கலைஞனுக்குக் கூலி கிடைக்கவேண்டும் என்பதிலும் நமக்கு ஐயமில்லை. ஆனால் உரிய விலை கொடுத்து ஒரு பிரதி வாங்கி, ஒரு சமயத்தில் ஒருவருக்கே இரவல் தருவதை மறுப்பதற்கு நியாயம் ஏது?

இது கடல் கடந்த சங்கதி என்று நாம் வாளாவிருத்தல் ஆகாது. சுதந்திர பாரதத்தின் முதல் பொது நூலகச் சட்டம் 1948-ல் சென்னை ராஜதானியில் பிறந்தது. அதற்காக அயராது உழைத்தவர் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன். அன்று தொட்டு வீட்டு வரியோடு நூலக வரியும் நாம் செலுத்தி வருகிறோம். 2012-ல் திருத்தப்பெற்ற இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், சட்டப்படி பெற்ற இசைப்பதிவையும் திரைப்படத்தையும் லாப நோக்கமற்ற நூல் நிலையம் இரவல் தருவதை வணிக வாடகையாகக் கருதாது விலக்கியிருக்கிறது. ஆனால் பெற்ற பிரதி என்று ஒன்று கைவசம் இருந்தாலன்றோ அவ்விலக்கு துணைக்கு வரும்? வெறும் சந்தாவுக்கு அதனால் யாது பயன்?

ஆகவே, நமது நூல் நிலையங்கள் இசைக்கும் படத்திற்கும் ஒப்பந்தம் செய்யுமுன் நிலையான பிரதியைக் கேட்டுப் பெறல் வேண்டும். பதிவிறக்கப் பிரதிக்கும் இரவல் உரிமை உண்டென்று பாராளுமன்றம் ஐயந்திரிபறச் சட்டம் செய்தல் வேண்டும். ஜனங்களின் வரிப்பணத்தால் வாங்கியது ஜனங்களின் சொத்தாகவே நிலைக்கவேண்டும். இக்கோரிக்கையை ஊர்தோறும் எழுப்புவது தேச ஊழியர் கடனாகும்.