ரியாத் சாலையில் வழுக்கும் கேம்ரி

குடும்பத்தோடு வெளியே போகத்தான் டொயோட்டா கேம்ரியை வாங்குவார்கள். சவூதித் தலைநகர் ரியாதில் ஒரு தலைமுறை இளைஞர்களுக்கு அது வேறு வேலைக்குப் பயன்பட்டது. ஊர்ப்புறத்து அகலச் சாலையில் மணிக்கு 160 கிலோமீட்டருக்கு மேல் விரட்டி, ஸ்டீயரிங்கைச் சட்டென வெட்டி, ஹேண்ட் பிரேக்கை இழுப்பார்கள். பின்சக்கரங்கள் பிடி விட, வண்டி குறுக்காகத் திரும்பி சாலை முழுவதையும் அளந்தபடி வழுக்கிப் போகும். ஓரத்தில் கூட்டம் ஆர்ப்பரிக்கும். ‘தஃப்ஹீத்’ என்பது இதன் பெயர்.

பந்தயக் களத்து டிரிஃப்டிங்குக்குப் பின்சக்கரங்களால் ஓடும் வண்டி வேண்டும். கேம்ரி முன்சக்கரங்களால் ஓடுவது. என்ஜின் பாரமெல்லாம் முன்னால், பின்பக்கம் லேசு. ஒருமுறை விலகிவிட்டால் அதை மீட்பது பாதி திறமை, பாதி அதிர்ஷ்டம். வாடகை வண்டியோ திருட்டு வண்டியோ என்றால் டயர் தேயும் கவலையும் கிடையாது.

இந்த இளைஞர்களோடு பழகி பிரெஞ்சு ஆய்வாளர் பாஸ்கல் மெனோரே எழுதிய நூல் 2014-இல் வந்தது. சாலையைப் போட்டவர்களையும் அவர் சேர்த்தே கூண்டில் ஏற்றுகிறார். கிரேக்கக் கட்டடக் கலைஞர் டாக்ஸியாடிஸ் 1970களின் தொடக்கத்தில் வகுத்த திட்டம், ரியாதை 2 கிலோமீட்டர் சதுரங்களாகப் பிரித்து நடுவே பெருஞ்சாலைகளை ஓடவிட்டது. கார் இல்லாமல் எங்கும் போக முடியாது. கார் இருந்தாலோ, போக இடமில்லை! 1980களில் மூடிய திரையரங்குகள் 2018-இல்தான் திறந்தன. குடும்பமில்லாமல் தனியாக வரும் வாலிபர்களைப் பல வணிக வளாகங்கள் வாசலோடு திருப்பி அனுப்பின. பெட்ரோல் மட்டும் மலிவோ மலிவு.

விளக்கம் சரிதான். ஆனால் ஓரத்தில் வேடிக்கை பார்த்து நின்ற பையன்மேல் பாய்ந்த காருக்கு நகரத் திட்டம் சாக்காகாது.

ஈழத் தமிழ்ப் பின்னணி கொண்ட பாடகி எம்.ஐ.ஏ., 2012-இல் தன் ‘பேட் கேர்ள்ஸ்’ காணொளிக்கு இந்த வித்தையைத்தான் எடுத்துக்கொண்டார். இயக்குநர் ரோமேன் காவ்ராஸ் அதை மொராக்கோவில் படமாக்கினார். இரண்டு சக்கரத்தில் சாய்ந்தோடும் கார்கள், ஸ்டீயரிங் பிடித்த பெண்கள். சவூதியில் பெண்கள் கார் ஓட்டவே அனுமதி இல்லாத காலம் அது. துணிச்சலான படம்தான். ஆனால் அதில் யாருக்கும் அடிபடவில்லை. ரியாதில் அடிபட்டது, உயிரும் போனது.

2016-இல் அரசு பிடியை இறுக்கியது. முதல்முறை சிக்கினால் 20,000 ரியால் அபராதம், வண்டி 15 நாள் முடக்கம். இரண்டாம் முறை 40,000 ரியால், ஒரு மாதம். மூன்றாம் முறை 60,000. விவகாரம் நீதிமன்றத்துக்குப் போகும், வண்டி பறிமுதல் ஆகவும் கூடும்.

ஐந்து ஆண்டு கழித்து, 2021 டிசம்பரில், ஜித்தா கடற்கரையில் சவூதியின் முதல் ஃபார்முலா ஒன் பந்தயம் நடந்தது. லூயிஸ் ஹாமில்டன் வென்றார். பெரும் பணம் கொட்டி அமைத்த அந்தத் தடத்தில் பழைய கேம்ரிக்காரனுக்கு இடம் ஏது? ஊருக்கு வெளியே வேலி போட்ட திடல், கைக்கு எட்டும் கட்டணம், பக்கத்தில் ஓர் ஆம்புலன்ஸ். அபராதப் பட்டியல் அச்சாவதற்கு முன்பே இவற்றைச் செய்திருக்க வேண்டும்.