டூரிங் பைக்கில் ‘கேட்’ எடுத்தால் என்ன செலவு? ஒரு சிஏவின் கணக்கு

போன வாரம் பைக் லோன் வீடியோ போட்டேன் இல்லையா, அதுல சொல்லாம விட்ட ஒரு கதை இது.

என் சித்தப்பா பையன் லோன் போட்டு 400 சிசி டூரிங் பைக் வாங்கினான். "அண்ணா, டிராஃபிக்ல கால் வேகுது, சத்தமும் சப்புன்னு இருக்கு. கேட்டை எடுத்துடறேன்"னான். ஒரு சனிக்கிழமை வீட்டு ஷெட்லயே கிரைண்டர் வச்சு அறுத்துட்டான். எட்டு மாசம் கழிச்சு வேலை போச்சு. வண்டியை வித்து லோனை அடைக்கலாம்னு வந்தப்போதான் கணக்கு போட உட்கார்ந்தோம்.

அது என்ன பொருள்?

கேட்டலிடிக் கன்வர்ட்டர்: சைலன்சர் குழாய்க்குள் இருக்கும் தேன்கூடு மாதிரியான பகுதி. பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூச்சு இருக்கும். கார்பன் மோனாக்சைடு, எரியாத பெட்ரோல், நைட்ரஜன் ஆக்சைடு மூணையும் குறைக்கும். சூடானால்தான் வேலை செய்யும். 2020 ஏப்ரல் 1 முதல் வந்த பிஎஸ்-6 வண்டிகளில் இதோட ஆக்ஸிஜன் சென்சாரும் சேர்ந்து இயங்குது. பல வண்டிகளில் இது குழாயோடயே வெல்டு ஆகியிருக்கும். அறுத்தா பழையபடி ஒட்டுறது லேசில்லை.

தம்பியோட கணக்கு

- புது பைப்: ரூ.28,000
- ஈசியூ ரீமேப்: ரூ.9,000
- விற்கும்போது வாங்கின ஒரிஜினல் சைலன்சர்: ரூ.38,000
- பழைய கேட்டை காயலான் கடையில் போட்டது: ரூ.2,500 வரவு
- புது பைப்பை செகண்ட்ஹேண்டில் விற்றது: ரூ.11,000 வரவு

நிகர நஷ்டம் ரூ.61,500. அவன் இஎம்ஐ ரூ.6,800. அதாவது கிட்டத்தட்ட 9 மாச தவணை! பிளாட்டினம் பூசின பொருளை இரும்பு மாதிரி எடை போட்டு வித்ததுதான் எனக்கு ரொம்ப வலிச்சது.

கணக்கில் வராத ரிஸ்க்

1. சட்டம்: மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 182ஏ(4)-இன்படி, அனுமதியில்லாம வண்டியை மாற்றினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதம், ஆறு மாசம் வரை சிறை, அல்லது இரண்டும். பிரிவு 190(2)-இல் புகை, சத்த விதிமீறலுக்கு முதல் முறையே ரூ.10,000 வரை அபராதம், மூணு மாசம் வரை சிறை, அல்லது இரண்டும். கூடவே மூணு மாசம் லைசென்ஸ் தகுதியிழப்பு.

2. வாரண்டி: எஞ்சின்ல கோளாறு வந்தா, முதல்ல அறுத்த குழாயைத்தான் காட்டுவாங்க.

3. இன்சூரன்ஸ்: பாலிசி ஒரு ஒப்பந்தம். சொல்லாம செய்த மாற்றம், உங்க வண்டி சேதத்துக்கான கிளைம்ல தகராறை இழுத்து விடும்.

இதுக்கெல்லாம் பதிலா என்ன கிடைச்சது? சத்தம், சில கிலோ எடைக் குறைவு. வெறும் கேட்டை எடுப்பதால் கூடும் பவர் ரொம்பக் கொஞ்சம்தான்.

அப்போ என்ன பண்ணலாம்?

- கால் சூட்டுக்கு முதல்ல நல்ல ரைடிங் பூட், பேன்ட் வாங்குங்க. கூலன்ட், ரேடியேட்டர் ஃபேன் சரியா இருக்கான்னு சர்வீஸ்ல பார்க்கச் சொல்லுங்க.
- பெட்ரோல் வாசனைன்னு சொல்லி சார்கோல் கேனிஸ்டரைக் கழட்டுறவங்களும் இருக்காங்க. லாங் ரைடுக்கு முன்னாடி டேங்கை விளிம்பு வரை நிரப்பினா, ஆவி மட்டும் போக வேண்டிய கேனிஸ்டருக்குள்ள பெட்ரோலே இறங்கிடும். கொஞ்சம் இடம் விட்டு நிரப்புங்க, செலவு பூஜ்யம்.
- ஏற்கனவே கழட்டிட்டீங்களா? பழைய பாகத்தை விக்காதீங்க. திரும்ப மாட்டி, பில்லை பத்திரமா வையுங்க.

தம்பி வண்டியை வித்துட்டான், லோனும் முடிஞ்சது. இப்போ வேற வேலை கிடைச்சாச்சு. அடுத்த பைக் பற்றி பேசும்போது அவனே சொன்னான்: "அண்ணா, இந்த தடவை கிரைண்டரை நீயே வச்சுக்கோ."

உங்க வண்டியில் என்ன மாத்தினீங்க, எவ்வளவு செலவாச்சு? கமெண்ட்ல சொல்லுங்க, கணக்கு போட்டுப் பார்க்கலாம்.