கணக்கு மாறும்போது எழுத்து வரும், எழுதியவர் பெயர் வராது

எந்தக் குடும்பம் எந்த முகாமில் இருந்தது, எந்தக் காணி இன்னும் விடுவிக்கப்படவில்லை, காணாமலாக்கப்பட்டவரின் தாய் எந்த ஆணைக்குழு முன் என்ன சொன்னார் என்பதையெல்லாம் பதிவுசெய்து வைத்திருக்கும் சிறு குழுக்கள் வடக்கிலும் கிழக்கிலும் இயங்கிவருகின்றன. இவற்றுக்குச் சொந்தமாக ஒரு சேர்வர் வாங்கக் காசு இருப்பதில்லை. ஆகவே பதிவுகள் இலவச ஒன்லைன் கணக்கொன்றில்தான் கிடக்கின்றன. சிலர் கூகுள் ட்றைவைப் பாவிக்கிறார்கள். சிலர் கொன்ஃப்ளுவன்ஸ் போன்ற ‘விக்கி’யைப் பாவிக்கிறார்கள். விக்கி என்பது பலர் சேர்ந்து எழுதித் திருத்தக்கூடிய, ஒன்றோடொன்று இணைக்கப்பட்ட பக்கங்களின் தொகுப்பு.

இந்தக் கணக்குகள் ஏதோவொரு நாள் மாறியே ஆகவேண்டும். கணக்கைத் திறந்தவர் வெளிநாடு போய்விடுவார். உறுதிப்படுத்தும் இலக்கம் அவருடைய பழைய சிம்முக்குத்தான் போகும். அல்லது எல்லை வந்துவிடும். கொன்ஃப்ளுவன்ஸின் இலவசத் திட்டத்தில் பத்துப் பேரும் 2 ஜிபி இடமும்தான். சிலவேளை சேவையே மூடப்பட்டுவிடும். உலகெங்கும் ஆசிரியர்களும் மாணவர்களும் பாவித்த விக்கிஸ்பேசஸ் தனது மூடுவிழாவை 2018இல் அறிவித்தது. கூகுளின் பழைய ‘சைட்ஸ்’ சேவையும் முடிவுக்கு வந்தது. இலவசம் என்பதால் நாங்கள் கேள்வி கேட்கவும் முடியாது.

இடம் மாறும்போது எழுத்து சுலபமாக வந்துவிடும். வராமல் போவது இரண்டு: யார் எப்போது எழுதினார் என்ற தடம், யார் எதைப் பார்க்கலாம் என்ற பூட்டு. ஒரு கம்பனியின் லீவு விதிகளை வைத்திருக்கும் விக்கிக்கு இது பெரிய இழப்பல்ல. சாட்சியம் வைத்திருப்பவர்களுக்கு அப்படியல்ல. 2009இல் கையில் எடுத்துவந்த சொப்பின் பைக்குள் காணி உறுதியின் எழுத்து மட்டும் இருந்து, ஒப்பமும் பதிவு இலக்கமும் அழிந்துபோயிருந்தால் அந்தத் தாளை வைத்து எந்தக் கச்சேரியில் பேச முடியும்?

முதலில் தடம். கொன்ஃப்ளுவன்ஸிலிருந்து ஒரு தொகுதியை வெளியே எடுக்கப் பல வழிகள் உண்டு. பீடிஎப் வாசிக்க அழகாக இருக்கும். எச்டிஎம்எல்லை உலாவியில் திறந்து பார்க்கலாம். ஆனால் இவை இரண்டையும் புதிய கணக்கில் பழையபடி ஏற்ற முடியாது. திரும்ப ஏற்றுவதற்கு எக்ஸ்எம்எல் போன்ற வடிவம் வேண்டும். அது ஒரு சிப் கோப்பாக வரும்; பக்கங்கள், இணைத்த படங்கள், கருத்துகள், முந்தைய திருத்தங்கள் அதற்குள் இருக்கும்.

பிரச்சினை ஏற்றும்போது வரும். எழுதியவருக்குப் புதிய இடத்தில் கணக்கு இல்லையென்றால், அந்தப் பக்கத்துக்கு மேல் அவருடைய பெயர் இருக்கவேண்டிய இடத்தில் யாரோ ஒரு முன்னாள் பயனர் என்றுதான் தெரியும். எனவே உறுப்பினர்களை முதலில் அழைத்துச் சேர்த்துவிட்டு, பிறகுதான் கோப்பை ஏற்றவேண்டும். பத்துப் பேர் என்ற எல்லைக்குள் இதுவும் முழுமையாக நடக்காது. குழுவை விட்டுப் போனவர்களும் இறந்துபோனவர்களும் எழுதிய பக்கங்கள் இருக்குமல்லவா?

இதற்கு நான் நம்புவது மிகப் பழைய வழியொன்றை. மாற்றத்தைத் தொடங்குமுன், ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் எழுத்தாகவே எழுதிவிடுங்கள்: பதிவுசெய்தவரின் பெயர் அல்லது குறியீடு, திகதி, இடம், எந்த மொழியில் சொல்லப்பட்டது, பின்னர் யார் திருத்தினார். அலுப்பான வேலைதான், ஒரு கிழமைகூட எடுக்கலாம். ஆனால் எந்த மென்பொருளுக்கு மாறினாலும் பக்கத்தின் உள்ளே இருக்கும் எழுத்து கூடவே வரும்.

கூகுள் டொக்ஸில் இதே இழப்பு வேறு விதமாக நடக்கிறது. ‘பிரதி எடு’ என்பதை அழுத்தினால் கிடைப்பது புதிய ஆவணம்; அதன் பிறந்த திகதி இன்றைய திகதி, பழைய திருத்த வரலாறு அதில் இருக்காது. 2016இல் எடுத்த வாக்குமூலம் இன்று எழுதியதுபோல நிற்கும். பிரதி எடுக்காமல் உரிமையை மற்றவரின் கணக்குக்கு மாற்றிக்கொடுத்தால் ஆவணம் அதேயாக இருக்கும், வரலாறும் இணைப்பும் மாறாது. ஒன்றைக் கவனிக்கவேண்டும். ஒரு போல்டரின் உரிமையை மாற்றினால் அதற்குள் இருக்கும் கோப்புகளின் உரிமை தானாக மாறாது. போல்டர் புதியவருடையதாகவும் கோப்புகள் வெளிநாடு போனவருடையதாகவும் இருக்கும். அவருடைய கணக்கு இரண்டு வருடம் பாவிக்கப்படாமல் கிடந்தால் கூகுள் அதை அழிக்கலாம். 2023 டிசம்பரிலிருந்து இந்த விதி நடைமுறைக்கு வந்துவிட்டது.

இலங்கையில் கணினிப் பதிவுகளைச் சான்றாக முன்வைப்பது பற்றி 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டமும், 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டமும் பேசுகின்றன. நீதிமன்றம் வரை போகாத பதிவாக இருந்தாலும், ‘இது பிறகு எழுதியது’ என்று ஒருவர் சொன்னால் பதில் சொல்ல ஏதாவது இருக்கவேண்டும். வெளியே எடுத்த சிப் கோப்பைத் திறக்காமலே அதன் ‘ஹாஷ்’ எண்ணை எடுத்து வைப்பது நல்லது. கோப்பில் ஒரு எழுத்து மாறினாலும் அந்த எண் மாறிவிடும். எண்ணை ஒரு தாளில் எழுதி, திகதியிட்டு, இரண்டு பேர் ஒப்பமிட்டு வைத்தால் போதும்.

அடுத்தது பூட்டு. இதுதான் எனக்கு அதிகம் பயம் தருவது. பல குழுக்கள் காசு கட்டும் திட்டத்தின் பரீட்சார்த்தக் காலத்தில் தொடங்கி, அது முடிந்ததும் இலவசத்துக்கு வருகின்றன. கொன்ஃப்ளுவன்ஸின் இலவசத் திட்டத்தில் இந்தப் பக்கத்தை இவர் மட்டும் பார்க்கலாம் என்று வகுக்கும் வசதி இல்லை. அங்கே கணக்கு உள்ள பத்துப் பேரும் எல்லாவற்றையும் வாசிக்கலாம், நேற்றுச் சேர்ந்த தொண்டர் உட்பட. சாட்சி சொன்னவரின் பெயர், கிராமம், தொலைபேசி இலக்கம் எல்லாம் அங்கே இருந்தால், யாரிடம் என்ன வாக்குக் கொடுத்து அதை வாங்கினீர்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். புலனாய்வாளர்கள் வீட்டுக்கு வந்து விசாரிப்பது எங்களுக்குப் புதிதல்ல. விக்கியில் குறியீடு மட்டும் இருக்கட்டும். குறியீட்டுக்கும் பெயருக்குமான பட்டியல் வேறோர் இடத்தில், ஓரிருவர் கையில் மட்டும் இருக்கட்டும். இந்தப் பிரிப்பை மாற்றத்துக்கு முன்னரே செய்துவிட வேண்டும். பழைய திருத்தங்களும் எக்ஸ்எம்எல்லோடு சேர்ந்து வருவதால், இன்றைய பக்கத்தில் பெயரை அழித்தாலும் முந்தைய திருத்தத்தில் அது இருக்கும். தடத்தைக் காப்பாற்றும் அதே கோப்பு பூட்டை உடைக்கிறது. மிக ஆபத்தான பக்கங்களை ஏற்றாமல், பூட்டிய பென்ட்றைவில் தனியே வைப்பதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை.

மாற்றம் முடிந்தபின் பழைய கணக்கை உடனே மூடவேண்டாம். பக்கங்களின் எண்ணிக்கையை ஒப்பிடுங்கள். படம் உள்ள சில பக்கங்களைத் திறந்து பாருங்கள். முழு முகவரியாக ஒட்டப்பட்ட இணைப்புகள் தொடர்ந்து பழைய கணக்கையே காட்டும். அது உயிரோடு இருக்கும்வரை எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தெரியும். மூடிய அன்றுதான் படங்கள் காணாமல் போகும்.

‘இணைப்பு உள்ள எவரும் பார்க்கலாம்’ என்று எப்போதோ வட்ஸ்அப்பில் பகிர்ந்த ஆவணங்களையும் தேடி நிறுத்துங்கள். வேலையை நெட்கபேயில் செய்திருந்தால், இறக்கிய சிப் கோப்பு அங்குள்ள கணினியின் டவுன்லோட்ஸ் போல்டரில் இன்னும் கிடக்கும். எழும்ப முன் அதை அழித்து, குப்பைத்தொட்டியையும் காலிசெய்து, கணக்கிலிருந்து வெளியேறியிருக்கிறீர்களா என்று மறுபடி ஒருமுறை பாருங்கள்.